நூல்கள் வாங்கிய வகையில்

சோஃபியாவிலிருந்து ஐந்து மணி நேரம்.
கடைசி இருபது கிலோமீட்டர்
பேருந்தில் நானும் ஓட்டுநரும்
கோழித் தீவன மூட்டை ஒன்றும்.

அறக்கட்டளை தந்தது ஆயிரத்து இருநூறு லெவா.
தந்தது நூல்கள் வாங்க.
நான் வந்தது வாங்கினார்களா என்று பார்க்க.

சர்க்கரை ஆலை மூடிப் பதினேழு வருடமான ஊர்.
சதுக்கத்தில் வாசிப்பு இல்லம் மட்டும் நிற்கிறது.
எந்தக் காலத்திலோ
வீட்டுக்கொரு ஆடு விற்றுக் கட்டியதாம்.
யார் வீட்டு ஆடு நோஞ்சான் என்ற சண்டை
இன்னும் தீரவில்லை.

நூலகர் வெலிச்கா பேரேட்டை என் பக்கம் தள்ளிவிட்டு
அடுப்பைக் கிளறப் போனார்.

விறகு, ஆறு கனமீட்டர்.
இறக்குக் கூலி.
புகைபோக்கி துடைத்த ஆளுக்கு, சாப்பாடு உட்பட.
படிக்கும் கண்ணாடி, பத்தொன்பது.
நூல்கள் வாங்கிய வகையில் –
அதற்கு நேரே ஒரு கோடு.
தாள் கிழியும் அளவுக்கு அழுத்திய கோடு.

"நூல் எங்கே?" என்றேன்.
கரிபடிந்த விரலால் நாலு சுவரையும் காட்டினார்.
"பதினோராயிரம் இருக்கு.
எழுத்துதான் பொடிசு.
கண்ணு தெரியலைன்னு சொல்ல வெட்கம்.
குளிருதுன்னாங்க. விறகு வாங்கினேன்.
அப்புறமும் பக்கத்தைத் திருப்பாம உட்கார்ந்திருந்தாங்க.
அப்பதான் புரிஞ்சுது."

விதிமுறை ஏழின் இரண்டாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்.
மழை விடட்டும் என்று
கடை வாசலில் நிற்பவரைப்போலக் கேட்டுக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வந்தார்கள்.
வாசலில் பனியை உதறி
செருப்புப் பெட்டிக்குள் கைவிட்டு
அவரவர் கண்ணாடியைத் தேடினார்கள்.
ஒன்றரை, இரண்டு, இரண்டேகால் என்று
காம்பில் பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருந்தது.
ஆலையில் ஃபிட்டராக இருந்த கத்யோ
திமிங்கிலம் பற்றிய தடித்த புத்தகத்தில்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தார்.
கடல் பார்த்ததில்லை; கேட்டால்
"வேலை இருந்தது" என்கிறார்.

ஸ்தோயாவும் அவள் நாத்தனார் மின்காவும்
நாலு வருடமாகப் பேச்சில்லை.
இருவருக்கும் பவர் மூன்று.
மூன்றில் இருப்பது ஒன்றே ஒன்று.
இவள் பத்துப் பக்கம், அவள் பத்துப் பக்கம்,
ஒரே நாவலை,
விரல் படாமல் கைமாற்றி.
ஏழாம் பக்கத்தில் ஸ்தோயா களுக்கென்று சிரித்துவிட்டாள்.
மின்கா முறை வருமுன்னே
கையை நீட்டிவிட்டாள்.

ஒருவர் தூங்கினார்.
அதையும் எழுதிக்கொள்ள வேண்டும் அல்லவா?
மடியில் புத்தகம் தலைகீழாக.
அடுப்பு சடசடத்தபோது மட்டும்
ஒரு பக்கத்தைத் திருப்பினார், கண் திறவாமல்.

மருந்துக்கடை ரசீதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.
அரையிருட்டு.
முகத்தருகே கொண்டுபோனேன்; தள்ளிப் பிடித்தேன்;
விளக்கைக் குறை சொன்னேன்.
வெலிச்கா ஒன்றும் சொல்லவில்லை.
செருப்புப் பெட்டியை
முழங்கையால் என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு ஒன்றரையாம்.
இந்த நாற்பத்தாறு வயது வரை
யாரும் என்னிடம் சொல்லவில்லை,
எண்களுக்கும் விளிம்பு உண்டு என்று.

அறிக்கையில் என்ன எழுதுவது
என்று யோசித்துக்கொண்டே
ஆறே முக்காலுக்குக் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.
டிக்கெட்டின் பின்புறம்
எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்:
தவறவிட்ட பொருளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.
கடைசிவரை வாசித்து முடித்த பிறகுதான்
மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆக, இருப்பு பதினெட்டு.
குறைவு ஒன்று.
தணிக்கையாளர் எடுத்துச் சென்ற வகையில்.